கட்டுப் போட்ட பாப்பாவின் அம்மா

அவளை எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். மழலையர் பள்ளியில் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். கடைக்குப் போனாலும் மிஸ், பேருந்தில் ஏறினாலும் மிஸ். வெளியூர்ப் பேருந்து ஓட்டுகிற அவள் கணவன் கல்யாணமான புதிதில் கேலியாக ‘மிஸ்’ என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே அவனுக்கும் வாயில் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. அக்கம்பக்கத்தில் யாருக்காவது பிள்ளை வளர்ப்பதில் சந்தேகம் வந்தால் அவளிடம்தான் வருவார்கள். அவளும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அரை மணி நேரமானாலும் சலிக்காமல் விளக்கிச் சொல்லி அனுப்புவாள்.

அப்புறம் அவளுக்கே ஒரு பாப்பா பிறந்தது.

பாப்பா அழுதது. எல்லாப் பிள்ளையும் அழும்தான், ஆனால் இது அழுத அழுகை வேறு. பால் கொடுத்தால் அழும், கொடுக்காவிட்டாலும் அழும். தோளில் போட்டால் அழும், கீழே விட்டால் இன்னும் ஓங்கி அழும். டாக்டர் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். கணவன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் வீடு திரும்ப நாலைந்து நாளாகும். பள்ளி நாட்களில் பாப்பாவைக் காப்பகத்தில் விட்டுவிடுவாள், மற்ற நேரமெல்லாம் அவள் ஒருத்திதான். அம்மா வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் தூரம் அதிகம், மனத்தாங்கல் அதைவிட அதிகம். யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால், ஊருக்கெல்லாம் வழி சொன்னவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்ச் சொல்வது?

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், பாப்பாவைக் கட்டிலின் நடுவில் போட்டு இரண்டு பக்கமும் தலையணை வைத்துவிட்டு, அறைக் கதவை மூடினாள். குளியலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். வாளியில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் அழுகை கேட்கவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. எழுந்து குழாயை மூடியபோது வீடு அமைதியாக இருந்தது. ‘அப்பாடா, தூங்கிட்டா’ என்று நினைத்தாள். அந்த ‘அப்பாடா’வை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் கூசிப்போனாள்.

பாப்பா தரையில் கிடந்தது. இடது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. அழுது அழுது குரல் வற்றி, வாய் மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“பக்கத்துலதான் இருந்தேன், ஒரு நிமிஷத்துல புரண்டுட்டா” என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்ட டாக்டரம்மா மறுத்துப் பேசவில்லை. வேலையை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே, “வீட்ல ஒத்தாசைக்கு யாராவது இருக்காங்களாம்மா?” என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். மிஸ் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“உங்களைக் குடும்பத் துணைத் திட்டத்துல சேர்த்து விடறேன். வீட்டுக்கு வாரா வாரம் ஒரு அக்கா வருவாங்க. சனிக்கிழமை மத்த அம்மாக்களோட உட்கார்ந்து பேசலாம். தண்டனைன்னு நினைச்சுக்காதீங்க. விஷயம் பெரிசாகறதுக்கு முன்னாடியே கை கொடுக்கறதுதான் இது.”

மிஸ்ஸுக்கு அந்தத் திட்டம் என்னவென்று தெரியும். சில மாதங்களுக்கு முன்னால் அவளே ஒருத்தியைப் பிடித்து அங்கே அனுப்பியிருந்தாள்.

அவள் வகுப்பில் படிக்கிற ஒரு சிறுமியின் தாய் அந்த ஒருத்தி. ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் விரிப்புத் துவைத்துக் கொடுக்கிற பெரிய லாண்டரி ஒன்றில் இஸ்திரி போடுகிறவள். ஆண் துணை கிடையாது. மகளைத் தினமும் தாமதமாகத்தான் கொண்டு வந்து விடுவாள். பிள்ளை தலை வாராமல், உடுப்பு கசங்கி வரும், வந்ததும் மேஜைமேல் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடும். மிஸ் அதற்குத் ‘தூங்குமூஞ்சி’ என்று பெயர் வைத்தாள். மற்றப் பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஒருநாள் பள்ளி வாசலில் மற்றப் பெற்றோர் நிற்கும்போது, “பெத்துட்டா மட்டும் போதுமா? ஒரு சீப்பை எடுத்துத் தலை வார நேரமில்லையா உங்களுக்கு?” என்று லாண்டரிக்காரியைக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருந்த யாரோ சிரித்தார்கள். மறுநாள் சிறுமியின் காதில் கீறலும் காய்ந்த ரத்தமும் இருந்ததைப் பார்த்து, மிஸ் உடனே திட்டத்துக்குத் தகவல் சொல்லிவிட்டாள். அன்றைக்கெல்லாம் ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட நிறைவு அவளுக்கு.

இப்போது அதே திட்டத்து அக்கா அவள் வீட்டுப் படியேறினாள். எதிர்வீட்டம்மா யாரென்று விசாரித்தபோது, “இன்ஷூரன்ஸ் விஷயமா வந்தாங்க” என்று வாயில் வந்ததைச் சொல்லி வைத்தாள் மிஸ். அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரர் அக்காவைத் தெருவிலேயே மடக்கி, தன் வயதுக்கு எந்தப் பாலிசி தோதுப்படும் என்று கேட்டிருக்கிறார். அக்கா சிரித்துக்கொண்டே வந்து இதைச் சொன்னபோது மிஸ்ஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“வர்ற சனிக்கிழமை கூட்டத்துக்கு வாங்க. யாரு எதுக்கு வந்திருக்காங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. அவங்கவங்களா சொன்னாத்தான் உண்டு” என்றாள் அக்கா.

கூட்டம் நூலகத்தின் மாடியில். பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா இருந்தார். பாப்பாவை அவரிடம் கொடுத்துவிட்டு மிஸ் உள்ளே போனாள். வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் தேநீர்க் குடுவை. வாசலைப் பார்த்த நாற்காலியில் லாண்டரிக்காரி உட்கார்ந்திருந்தாள்.

மிஸ்ஸைப் பார்த்ததும் அவள் மரியாதையாக எழுந்துவிட்டாள். “வாங்க மிஸ்! இன்னைக்கு நீங்கதான் பேசப் போறீங்களா?”

குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். மிஸ் போன்றவர்கள் அங்கே வேறு எதற்கு வருவார்கள்?

“ஆமா” என்றாள் மிஸ். “சும்மா… அக்காவுக்கு ஒத்தாசையா இருக்கலாம்னு.”

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். மறுபடி குனிந்து அடுத்த குவளையை நிரப்பினாள். அந்தப் பார்வையிலேயே மிஸ் திரும்பி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. சொன்ன பொய்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு சின்னப் பெண் முதலில் ஆரம்பித்தாள். “மிஸ், குழந்தை விடாம அழுதா என்னங்க பண்றது? எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும் போல இருக்கு.”

மிஸ் தொண்டையைச் செருமினாள். “முதல்ல நீங்க பதறக்கூடாது. அம்மா நிதானமா இருந்தா குழந்தையும் நிதானமாயிடும். மெதுவா எடுத்து, கண்ணைப் பார்த்துப் பேசணும். எவ்வளவு நேரமானாலும் சரி, தனியா மட்டும் விட்டுடக்கூடாது.” பள்ளிக்கூட வாசலில் பேசுகிற அதே குரல், ஒரு பிசிறில்லாமல் வந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினாள்.

பிறகு லாண்டரிக்காரி பேசினாள். இதுவரை எந்த வாரமும் வாய் திறந்ததில்லையாம்.

“மிஸ் வந்திருக்கறதால இன்னைக்குச் சொல்லிடறேன். என்னை இங்க அனுப்பினதே அவங்கதான். வாசல்ல வச்சு என்னை ஒரு வார்த்தை கேட்டாங்க. கேட்டதுல தப்பில்ல, தலை வாரலதான். எனக்கு விடியறதுக்கு முன்னாடியே ஷிப்ட். பிள்ளையைத் தூக்கிட்டுத்தான் வேலைக்குப் போவேன், அங்கேருந்து ஓடி வந்து ஸ்கூல்ல விடுவேன். அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அவளை உட்கார வச்சு வாரினேன். சிக்கு. அவ கத்தினா. உன்னாலதானடி நான் நாலு பேர் முன்னாடி பேச்சு வாங்கறேன்னு கையில இருந்த சீப்பாலயே ஓங்கி அடிச்சுட்டேன். காது கிழிஞ்சிடுச்சு.” அவள் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “அதுக்கு முன்னாடி நான் அவளைத் தொட்டதில்ல. மறுநாள் காதைப் பார்த்துட்டு மிஸ் இங்க சொன்னாங்க. நல்லதுதான் பண்ணாங்க. இல்லைன்னா நான் எங்க போய் நின்னிருப்பேனோ.”

மிஸ் தரையைப் பார்த்தாள். காதுக் காயத்தைப் பார்த்து அவள் அடைந்த நிறைவு நினைவுக்கு வந்தது. அந்தக் காயத்துக்குத் தன் நாக்குதான் காரணம் என்று இதுவரை அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ பிடித்துத் தள்ளியது. உதடு பிரியவில்லை.

அப்போதுதான் பக்கத்து அறைக் கதவு திறந்தது. ஆயா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். பாப்பா வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

“கட்டுப் போட்ட பாப்பாவோட அம்மா யாருங்க? எங்கிட்ட நிக்க மாட்டேங்குது.”

வட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மிஸ் அசையவில்லை. யாரோ ஒருத்தியின் பிள்ளையைப் பார்ப்பது போல, மற்றவர்களோடு சேர்ந்து அவளும் அந்தப் பாப்பாவைப் பார்த்தாள். அது ஒரு கணமாக இருக்கலாம், இரண்டு கணமாக இருக்கலாம். பெற்ற பிள்ளையை என்னுடையதில்லை என்று விட்ட கணங்கள்.

பாப்பாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அத்தனை முகங்களில் அம்மாவின் முகத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அழுகை சட்டென்று நின்றது. நல்ல கையையும், வெள்ளைக் கட்டுப் போட்ட கனத்த கையையும் சேர்த்து மிஸ்ஸை நோக்கி நீட்டி எம்பியது.

மிஸ் எழுந்தாள். நடந்து போய்ப் பாப்பாவை வாங்கினாள். அறை முழுக்க அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“உங்க பாப்பாவா மிஸ்?” என்றாள் லாண்டரிக்காரி பின்னாலிருந்து.

மிஸ் திரும்பாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

“அப்ப நீங்களும் எங்களை மாதிரி வந்தவங்கதான்.” கோபம் அதற்கப்புறம்தான் அந்தக் குரலில் ஏறியது. “அது தெரியாம நான் என் குடலை உருவி உங்க முன்னாடி போட்டேனே. கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே மிஸ். வாயைத் திறந்து ஒரு வார்த்தை…” முடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் மிஸ் குற்றவாளி போலப் பள்ளிக்குப் போனாள். லாண்டரிக்காரி வாசலில் நின்று நாலு பேரைக் கூட்டுவாள், தலைமையாசிரியைக்குத் தெரிந்துபோகும், கணவனுக்கு யாராவது ஃபோன் போடுவார்கள் என்றெல்லாம் மனசு ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. லாண்டரிக்காரியும் வரவில்லை, மகளும் வரவில்லை. “தூங்குமூஞ்சி வரல மிஸ்!” என்று பிள்ளைகள் கோரஸாகக் கத்தினார்கள். மிஸ்ஸுக்கு மூச்சு வந்தது. செவ்வாயும் அந்த நாற்காலி காலி, மூச்சு வந்தது. அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு காலையும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு வேலை ஓடியது.

சனிக்கிழமை கூட்டத்துக்கு அவள் போகவில்லை. பாப்பாவுக்குச் சளி என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பினாள். அடுத்த வாரம் அக்கா வீட்டுக்கு வந்தபோது பாப்பா வாயில் விரலைப் போட்டுக்கொண்டு குஷியாக விளையாடிக்கொண்டிருந்தது.

அக்கா சளியைப் பற்றிக் கேட்கவில்லை. “உங்க நாற்காலியும் காலி, அவங்க நாற்காலியும் காலி” என்றாள்.

“என்னாலதான் வரலையா?”

“எனக்கெப்படித் தெரியும்? பொண்ணு ஸ்கூலுக்கு வருதில்ல? நீங்கதானே தினம் பார்க்கறீங்க.”

மிஸ்ஸுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. பிள்ளை ஒரு வாரத்துக்கு மேலாக வரவில்லை. என்ன ஏது என்று அவள் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. வராமல் இருந்ததே நல்லது என்று இருந்துவிட்டாள்.

அன்று மத்தியானமே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு லாண்டரிக்குப் போனாள். பின்வாசலில் அழுக்கு விரிப்புகள் மலைபோல் குவிந்திருந்தன. உள்ளே இயந்திரங்கள் போட்ட சத்தத்தில் பேசுகிறவர்கள் கத்தித்தான் பேசினார்கள். ஆவியும் சோப்பு வாடையும் முகத்தில் அடித்தன. லாண்டரிக்காரி நீளமான உருளை இஸ்திரி இயந்திரத்தின் முன் நின்று, வெளியே வருகிற விரிப்பை இன்னொருத்தியோடு சேர்ந்து இழுத்து மடித்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

“என்ன வேணும்?”

மிஸ் வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்திருந்தாள். ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. “நான் அங்க பேச வரல. பாப்பா அழுகையைத் தாங்க முடியாம, ரூம்ல போட்டுக் கதவைச் சாத்திட்டு, குழாயைத் திறந்து விட்டுட்டு உள்ள உட்கார்ந்திருந்தேன். அவ கட்டில்லேருந்து விழுந்துட்டா. அதுக்குத்தான் என்னை அனுப்பினாங்க” என்று இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள். மடித்துக்கொண்டிருந்த இன்னொருத்தி வாயைப் பிளந்தாள்.

லாண்டரிக்காரி விரிப்பின் மூலையை நீவி அடுக்கில் வைத்தாள். “இதை எதுக்கு இங்க வந்து சொல்றீங்க? என் வேலை நேரத்துல வந்து உங்க பாரத்தை இறக்கி வைக்கவா?”

“இல்ல… நீங்க கூட்டத்துக்கு வரல. என்னால நின்னுட்டீங்களோன்னு. நான் வேணா வேற நாள் போறேன். நீங்க வரணும்.”

“உலகமே உங்களைச் சுத்தித்தான் நடக்குதுன்னு நினைப்பா மிஸ்? பொண்ணுக்குக் காய்ச்சல். இறங்கறதும் ஏறறதுமா இருக்கு. லீவு கேட்டா வேலைக்கு வேற ஆளைப் பார்ப்பாங்க. அங்க கிடக்கா பாருங்க.”

துவைத்த விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில், ஒரு பழைய போர்வையின் மேல் சிறுமி சுருண்டு கிடந்தாள். மிஸ் கிட்டே போய்க் குனிந்தாள். நிழல் பட்டதும் பிள்ளை கண் விழித்தது. யாரென்று தெரிந்ததும் அடித்துப் பிடித்து எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தது. காய்ச்சலில் தலை ஆடியது.

“நான் தூங்கல மிஸ். சும்மா கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்.”

மிஸ் அந்த மூட்டைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்கு வயதுப் பிள்ளை, உடம்பு நெருப்பாகக் கொதிக்கும்போதும் தன்னைப் பார்த்தால் இப்படிப் பயப்படும்படி நடந்துகொண்டிருக்கிறோமே என்று குன்றிப்போனாள். வாசலில் கேட்ட வார்த்தை, கூட்டத்தில் சொன்ன பொய், பாப்பாவைப் பார்த்தும் எழாமல் இருந்தது எல்லாமே இதற்கு முன்னால் சின்னதாகத் தெரிந்தன.

“படுத்துக்கோம்மா. மிஸ் திட்ட மாட்டேன்.”

பிள்ளை நம்பவில்லை. அம்மாவைப் பார்த்தது. அம்மா தலையாட்டிய பிறகுதான் சாய்ந்தது. சாய்ந்தபடியே பாப்பாவின் கையைப் பார்த்து, “இது என்ன மிஸ்? யார் அடிச்சா?” என்றது.

“யாரும் அடிக்கல. கீழே விழுந்துட்டா. நான் பக்கத்துல இல்ல.”

“ஏன்?”

மிஸ் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எழுந்து லாண்டரிக்காரியிடம் போனாள். “டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“முதல் நாள் காட்டினேன். மறுபடி வரச் சொன்னாங்க. எப்பப் போறது?”

“நான் கூட்டிட்டுப் போகட்டுமா? இப்பவே.”

லாண்டரிக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பெற்ற பிள்ளைக்கே கட்டுப் போட வைத்தவள் என்று அந்தப் பார்வை சொன்னதா, இல்லை மிஸ்ஸுக்கு அப்படித் தோன்றியதா? இயந்திரம் அடுத்த விரிப்பைத் துப்பியது. இரண்டு பேரும் இழுத்தார்கள், மடித்தார்கள்.

“உங்களை நம்பி எப்படி அனுப்பறது?” என்றாள் கடைசியில், நேருக்கு நேராக.

“நம்ப வேண்டாம்தான்” என்றாள் மிஸ். “அக்காவையும் கூப்பிடறேன். அவங்களும் கூட வரட்டும்.”

அக்கா வந்து சேர்கிறவரை மிஸ் மூட்டை ஓரத்தில் நின்றே இருந்தாள். மூவரையும் அனுப்பும்போதும் லாண்டரிக்காரி மகளை அக்காவின் கையில்தான் கொடுத்தாள். மிஸ் கையை நீட்டியும் தரவில்லை. மிஸ் நீட்டிய கையை மடக்கி, பாப்பாவின் முதுகில் வைத்துக்கொண்டாள். சிறுமிக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டர். மருந்தில் சரியாகிவிட்டது. காலை ஷிப்டை மாற்றித் தரச் சொல்லி அக்கா லாண்டரி மேலாளரிடம் போய்ப் பேசினாள். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பேசிப் பேசித்தான் வாரத்தில் பாதி நாள் மாறியது.

அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் மிஸ் பேசினாள். எதற்காக அனுப்பப்பட்டாள் என்பதையும், போன தடவை சொன்ன பொய்யையும், சிறுமியின் காதுக் காயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னாள். குழாயை மூடியபோது வந்த அந்த ‘அப்பாடா’வையும் விடவில்லை. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகும் என்று யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள். லேசாகவில்லை. முகம் எரிந்தது. கைக்குழந்தைக்காரப் பெண், “அப்ப அன்னைக்கு எனக்குச் சொன்னதெல்லாம்?” என்று ஏமாற்றத்தோடு கேட்டாள். “எனக்கும் தெரியாதும்மா, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்” என்றாள் மிஸ். அந்தப் பெண் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, “அப்ப எனக்கு மட்டும்தான் இப்படின்னு இல்லையா?” என்று கேட்டாள். யாரோ சிரித்துவிட்டார்கள். அக்காகூட.

லாண்டரிக்காரி சிரிக்கவில்லை. மிஸ் பேச ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால்தான் வந்தாள், எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கூட்டம் முடிந்து பேருந்து நிறுத்தத்தில் இருவர் மட்டும் நிற்க நேர்ந்தது. சிறுமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் பார்ப்பதும் மறைவதுமாக இருந்தாள்.

“நீங்க சொன்னதால எல்லாம் சரியாப் போச்சுன்னு ஆயிடாது” என்றாள் லாண்டரிக்காரி, சாலையைப் பார்த்தபடி.

“தெரியும்.”

“இவ இன்னும் ஸ்கூலுக்கு வரமாட்டேன்னு அழறா.”

மிஸ் பாப்பாவைத் தோள் மாற்றிக்கொண்டாள். “திங்கக்கிழமை நானே வீட்டுக்கு வந்து கூப்பிடட்டுமா?”

“வேணாம். உங்களைக் கண்டா இன்னும் அழுவா.” மகளை ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு, “நானே கூட்டிட்டு வர்றேன். நீங்க வாசல்ல நிக்காதீங்க. உள்ள இருங்க. அவளா வந்து உட்காரட்டும்” என்றாள்.

மிஸ் சரியென்று தலையாட்டினாள். பேருந்து வந்தது. லாண்டரிக்காரி முதலில் மகளை ஏற்றிவிட்டாள். அப்புறம், ஒரு கையில் பாப்பாவோடும் மறு கையில் பையோடும் தடுமாறிய மிஸ்ஸிடமிருந்து, முகத்தைப் பார்க்காமலே பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.